கொடுத்த நன்கொடை லாபத்தோடு திரும்பி வந்த கதை: 'வென்ச்சர் பிலாந்த்ரபி' என்றால் என்ன?

"ஒரு லட்சம் ரூபாய் தர்றேன். பிள்ளைங்களுக்கு நோட்டு, புத்தகம் வாங்கிக் கொடுங்க. ஆனா ஒரு கண்டிஷன்... இதுல இருந்து யாருக்கும் சம்பளம் மட்டும் கொடுக்கக் கூடாது!"

மாலை நேர டியூஷன் சென்டரோ, முதியோர் இல்லமோ நடத்தும் எந்தச் சின்னத் தொண்டு நிறுவனத்தைக் கேட்டாலும், இது அடிக்கடி கேட்ட வசனம்தான் என்பார்கள். கொடுப்பவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். தன் பணம் நேராகப் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். நோட்டும் வந்துவிடும். ஆனால் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு நாலு மாதம் சம்பளம் வராவிட்டால் அவர் ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவார். நோட்டு அலமாரியில் இருக்கும், சென்டர் பூட்டிக் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் 'வென்ச்சர் பிலாந்த்ரபி' என்ற பெயர் வருகிறது. தமிழில் துணிகரக் கொடை என்று சொல்லலாம். பணக்காரர்களின் புதுப் பொழுதுபோக்கு என்று இதைக் கிண்டல் செய்பவர்களும் உண்டு, தொண்டு உலகத்தையே மாற்றிய ஐடியா என்று கொண்டாடுபவர்களும் உண்டு. உண்மையில் இது எப்படி வேலை செய்கிறது?

ஸ்டார்ட்அப் பாணியில் ஒரு கொடை

ஸ்விக்கி, ஃப்ளிப்கார்ட் போன்ற நிறுவனங்கள் வளர்ந்தது வென்ச்சர் கேபிடல் எனும் துணிகர முதலீட்டில் என்பது பலருக்கும் தெரியும். அந்த முதலீட்டாளர் செக் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. இயக்குநர் குழுவில் உட்காருவார். நல்ல கணக்கு அதிகாரியைத் தேடிக் கொடுப்பார். மாதா மாதம் எண்களைக் கேட்பார். அஞ்சாறு வருஷம் கூடவே இருந்துவிட்டு, நிறுவனம் சொந்தக் காலில் நின்றதும் பங்கை விற்று வெளியேறுவார்.

இதே முறையைத் தொண்டு நிறுவனத்தில் செய்து பார்த்தால் என்ன? அதுதான் வென்ச்சர் பிலாந்த்ரபி. பல ஆண்டுகளுக்குப் பணம், பணத்தோடு நேரமும் அனுபவமும், வேலை நடந்ததா என்று அளந்து பார்ப்பது, ஒரு கட்டத்தில் விலகிக்கொள்வது. முதலீட்டாளருக்குக் கிடைக்கும் லாபத்தின் இடத்தில் இங்கே சமூக மாற்றம். சில நேரம் போட்ட பணமும் திரும்பி வரும். பல நேரம் வராது, வரவும் வேண்டியதில்லை.

இந்தச் சொல்லை அமெரிக்காவின் மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் 1969-லேயே பயன்படுத்திவிட்டார். ஆனால் சூடு பிடித்தது 1997-ல். ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் கிறிஸ்டின் லெட்ஸ், வில்லியம் ரயன், ஆலன் கிராஸ்மன் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை, அறக்கட்டளைகளைப் பார்த்து நேரடியாகவே கேட்டது: திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள், அந்தத் திட்டத்தை நடத்துகிற அமைப்பை வளர்க்க ஏன் கொடுப்பதில்லை? துணிகர முதலீட்டாளர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் வாதம். டாட்காம் காலத்தில் புதுப் பணக்காரர்கள் உருவாகிக்கொண்டிருந்த நேரம் அது. அவர்களுக்கு இந்தப் பேச்சு உடனே புரிந்தது.

பில்வாராவில் நடந்தது என்ன?

சொன்னால் புரிவதைவிட ஒரு உதாரணத்தைப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

ராஜஸ்தானில் 'எஜுகேட் கேர்ள்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. சஃபீனா ஹுசைன் 2007-ல் தொடங்கியது. பள்ளிக்கே போகாத, பாதியில் நின்ற பெண் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பள்ளியில் சேர்ப்பதும், சேர்த்த பிறகு அவர்கள் படிக்கக் கற்றுக்கொள்கிறார்களா என்று பார்ப்பதும் அதன் வேலை. 'டீம் பாலிகா' என்ற பெயரில் அந்தந்தக் கிராமத்து இளைஞர்களே வீடு வீடாகப் போவார்கள்.

2015-ல் பில்வாரா மாவட்டத்தில் ஒரு புது மாதிரி ஒப்பந்தம் போடப்பட்டது. 'டெவலப்மென்ட் இம்பாக்ட் பாண்டு' என்று பெயர். பேரில் பாண்டு இருந்தாலும் இது கடன் பத்திரம் இல்லை. விளைவுக்குப் பணம் என்ற ஏற்பாடு, அவ்வளவுதான்.

இதில் சுவிட்சர்லாந்து வங்கியான யூபிஎஸ்-ஸின் ஆப்டிமஸ் அறக்கட்டளை முதலில் பணம் போட்டது. சுமார் 2,70,000 டாலர். அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கோடி ரூபாய். அந்தப் பணத்தை வைத்து எஜுகேட் கேர்ள்ஸ் மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும். இலக்கை எட்டினால், லண்டனைச் சேர்ந்த சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் ஃபவுண்டேஷன், ஆப்டிமஸுக்கு முதலையும் மேலே ஒரு தொகையையும் தரும். எட்டாவிட்டால் ஆப்டிமஸ் போட்ட பணம் போனது போனதுதான். ரிஸ்க் முழுக்க முதலில் பணம் போட்டவர் தலையில்.

எட்டியதா இல்லையா என்று யார் சொல்வது? தொண்டு நிறுவனம் தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ள முடியாது. 'ஐடி இன்சைட்' என்ற வெளி அமைப்பு அளந்தது. இந்தத் திட்டம் நடந்த கிராமங்களின் பிள்ளைகளையும், நடக்காத கிராமங்களின் பிள்ளைகளையும் ஒரே பரீட்சையில் உட்கார வைத்து ஒப்பிட்டது. இந்தி, ஆங்கிலம், கணக்கு. கொடுக்க வேண்டிய தொகையில் 80 சதவீதம் பிள்ளைகளின் படிப்பு முன்னேற்றத்துக்கு, 20 சதவீதம் மட்டும் பெண் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்ததற்கு. எத்தனை கூட்டம் போட்டீர்கள், எத்தனை நோட்டு கொடுத்தீர்கள் என்பதற்கு ஒரு பைசா கிடையாது.

இரண்டு வருஷம் முடிந்தபோது நிலைமை சுமார்தான். பள்ளியில் சேர்ப்பது ஓரளவு நடந்திருந்தது. ஆனால் படிப்பில் மூன்று வருஷத்துக்கான இலக்கில் பாதியைத்தான் தொட்டிருந்தார்கள். வழக்கமான நன்கொடைத் திட்டமாக இருந்திருந்தால், போட்டோவோடு ஒரு ஆண்டறிக்கை அச்சடித்துவிட்டு அப்படியே ஓட்டியிருப்பார்கள். இங்கே அப்படி முடியவில்லை.

கையில் இருந்த தரவுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். வகுப்பு வாரியாகப் பிள்ளைகளை உட்கார வைப்பதை விட்டு, யாருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துக் குழு பிரித்தார்கள். அடிக்கடி லீவு போடும் பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். வகுப்பு நாட்களையும் கூட்டினார்கள்.

மூன்றாவது வருஷத்தில் கதை மாறியது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்தப் பிள்ளைகளின் முன்னேற்றம், மற்ற கிராமத்துப் பிள்ளைகளைவிட 79 சதவீதம் அதிகம். 2018-ல் இறுதிக் கணக்கு பார்த்தபோது, படிப்பில் இலக்கைத் தாண்டி 160 சதவீதம், சேர்க்கையில் 116 சதவீதம். பள்ளிக்கு வெளியே இருந்ததாகக் கண்டறியப்பட்ட பெண் பிள்ளைகளில் 92 சதவீதம் பேர் பள்ளியில் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

ஆப்டிமஸுக்குத் திரும்பி வந்தது சுமார் 4,22,000 டாலர். அதாவது கிட்டத்தட்ட 2.9 கோடி ரூபாய். ஆண்டுக்கு 15 சதவீத வருமானம்! எந்த பேங்க் எஃப்.டி.யும் தராத வட்டி. வந்த பணத்தை மறுபடியும் சமூகத் திட்டங்களுக்கே பயன்படுத்துவதாக அந்த அறக்கட்டளை அறிவித்தது.

இதே எஜுகேட் கேர்ள்ஸ் 2025-ல் ரமோன் மகசேசே விருதுக்குத் தேர்வானது. இந்தியாவில் இருந்து ஒரு அமைப்பு இந்த விருதைப் பெறுவது அதுவே முதல் முறை.

இதில் ஒரு விமர்சனமும் உண்டு. ஏழாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கான ஒரு திட்டத்துக்கு இத்தனை ஒப்பந்தம், இத்தனை ஆலோசகர்கள், இவ்வளவு செலவில் மதிப்பீடு தேவையா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதல் தடவை என்பதால் செலவு கூடுதல் என்று ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள்.

பணம் மட்டும் போதுமா?

பில்வாரா ஒரு வகை. எல்லாவற்றுக்கும் இப்படிச் சிக்கலான ஒப்பந்தம் தேவைப்படாது.

அமெரிக்காவின் டிரேப்பர் ரிச்சர்ட்ஸ் கப்லன் அறக்கட்டளையின் முறை ரொம்ப எளிமை. புதிதாகத் தொடங்கிய சமூக அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மூன்று ஆண்டுகளில் 3 லட்சம் டாலர் தரும். இந்தத் திட்டத்துக்குத்தான் செலவு செய்ய வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை; சம்பளம், வாடகை, சாஃப்ட்வேர் எதற்கும் எடுக்கலாம். பதிலுக்கு அறக்கட்டளையின் ஆள் ஒருவர் இயக்குநர் குழுவில் அமர்வார். மூன்று ஆண்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவார்.

1997-ல் சியாட்டிலில் பிறந்த சோஷியல் வென்ச்சர் பார்ட்னர்ஸ் இன்னொரு மாதிரி. அதன் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒரு தொகை போடுகிறார்கள், கூடவே தங்கள் தொழில் அனுபவத்தையும் கொடுக்கிறார்கள். ஆடிட்டர் கணக்கைச் சரி செய்வார், ஐடி கம்பெனிக்காரர் தரவுத்தளம் போட்டுக் கொடுப்பார். இந்தியாவிலும் இதற்குக் கிளைகள் உண்டு.

தனி மனிதருக்கே சம்பளம் கொடுத்து, 'நீ வேற எதையும் பார்க்க வேண்டாம், இந்த வேலையை மட்டும் பண்ணு' என்று சொல்வதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த யோசனைதான். பில் டிரேட்டன் 1980-ல் தொடங்கிய அமைப்பு இதைத்தான் செய்தது. அமெரிக்கர் தொடங்கிய அந்த அமைப்பின் பெயர், அசோகா. ஆமாம், நம்ம பாடப்புத்தகத்தில் வரும் அதே பேரரசர் அசோகர்தான். அதன் முதல் ஃபெல்லோவும் இந்தியர்: மும்பை பள்ளி ஆசிரியை குளோரியா டிசோசா. மனப்பாடத்துக்குப் பதிலாகச் சுற்றுப்புறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் முறையை அவர் வைத்திருந்தார். உதவித்தொகை கிடைத்த பிறகு அந்த வேலையிலேயே முழு நேரம் இறங்க முடிந்தது.

கவனித்துப் பார்த்தால், எல்லா முறைகளிலும் பொதுவான விஷயம் ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் பார்த்த அந்த 'சம்பளத்துக்குக் கூடாது' என்ற கண்டிஷன் இவற்றில் எதிலுமே இல்லை.

லாபம் வரும் தொழிலுக்கும் உண்டா?

உண்டு. சமூகத் தொழில்முனைவோர் என்பவர்கள் நன்கொடையில் ஓடுபவர்கள் அல்ல. ஏழை மக்களுக்குத் தேவையான ஒரு பொருளையோ சேவையையோ கட்டுப்படியாகும் விலைக்கு விற்று, அந்த வருமானத்தில் நடத்துபவர்கள். அவர்களுக்கு வங்கி கடன் தரத் தயங்கும். சாதாரண முதலீட்டாளருக்கோ லாபம் போதாது. நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த நடு இடத்தைக் குறிவைத்து 2001-ல் அக்யூமன் என்ற நிதியம் தொடங்கப்பட்டது. ஆரம்பித்தவர் ஜாக்குலின் நோவோகிராட்ஸ், முன்னாள் வங்கி அதிகாரி. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உள்ளிட்டோர் முதல் பணம் போட்டார்கள். கொடையாகப் பெற்ற பணத்தை நிறுவனங்களில் முதலீடாகவும் கடனாகவும் போடுவது அதன் வழி. அவசரப்படாமல் பல வருஷம் காத்திருப்பதால் 'பொறுமையான முதலீடு' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள்.

ஹைதராபாத்தின் லைஃப்ஸ்பிரிங் மகப்பேறு மருத்துவமனைகள் இப்படி வளர்ந்தவை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பிரசவம். 2008-ல் இதில் அக்யூமனோடு சரிபாதிப் பங்கு சேர்ந்த நிறுவனம் எது தெரியுமா? 'நிரோத்' தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனமான ஹெச்.எல்.எல். லைஃப்கேர்! குழந்தை பிறக்காமல் தடுப்பதையும் பார்த்துக்கொண்டார்கள், பிறப்பதையும் பார்த்துக்கொண்டார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பற்றித் தமிழ்நாட்டில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பணம் கட்டுபவர்களின் வருமானத்தில், கட்ட முடியாதவர்களுக்கு இலவச அறுவை சிகிச்சை என்பது அதன் முறை. அக்யூமன் தன் ஆரம்ப நாட்களில் கை கொடுத்த அமைப்புகளில் அரவிந்தும் ஒன்று. தொலைமருத்துவ முயற்சிக்காக அந்த உதவி.

ஆனால் அதற்கும் பத்து வருஷம் முன்னால், வென்ச்சர் பிலாந்த்ரபி என்ற பேச்சே இந்தப் பக்கம் வராதபோது, அங்கே இதைவிடப் பெரிய ஒன்று நடந்துவிட்டது. கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டில் இருந்துதான் வர வேண்டும். ஒன்றின் விலை சுமார் 100 டாலர். இலவச நோயாளிக்கு அதை வைப்பது கட்டுப்படியாகாது. லென்ஸ் இல்லாமல் ஆபரேஷன் செய்து, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கண்ணாடியோடு வளர்ந்த தாத்தா பாட்டிகளைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும், டேவிட் கிரீன் என்பவரும் நன்கொடையாக லென்ஸ் வாங்கித் தருவதோடு நிறுத்தாமல், லென்ஸ் செய்யும் தொழில்நுட்பத்தையே மதுரைக்குக் கொண்டுவர உதவினார்கள். 1992-ல் ஆரோலேப் பிறந்தது. லென்ஸ் விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரையில் இருந்து லென்ஸ் போகிறது. ஆரோலேப் ஓர் அறக்கட்டளைதான்; வரும் உபரியைப் பங்குதாரர் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு முறை சரியான இடத்தில் போட்ட கொடை, அதன் பிறகு கொடையே கேட்காமல் ஓடுகிறது.

சென்னையிலும் ஒரு முக்கியமான முகவரி உண்டு. பால் பாசில் 2001-ல் தொடங்கிய வில்குரோ. ஆரம்பத்தில் இதன் பெயர் ரூரல் இன்னோவேஷன்ஸ் நெட்வொர்க். கிராமப்புறத்துக்குப் பயன்படும் கண்டுபிடிப்பு வைத்திருப்பவர்களைத் தேடி, நிதியும் வழிகாட்டுதலும் கொடுத்து, அதை ஒரு தொழிலாக நிற்க வைப்பது இதன் வேலை. இந்தியாவில் சமூகத் தொழில்முனைவோருக்கான மிகப் பழைய வளர்ப்பு மையங்களில் இதுவும் ஒன்று.

சிக்கல் எங்கே வருகிறது?

பணம் கொடுத்தவர் கூடவே உட்காருவதில்தான்.

இருபது வருஷம் கிராமத்தில் வேலை செய்த ஒருவரிடம், நேற்று வந்த நிதி நிபுணர் "உங்க மாடல் ஸ்கேல் ஆகாது சார்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பணம் அவர் கையில் இருப்பதால் தலையாட்டத்தான் வேண்டும். அளவுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் வேலையின் போக்கையும் தீர்மானிக்கிறார்கள்.

அதோடு, எல்லாவற்றையும் அளக்கவும் முடியாது. எத்தனை பிள்ளைகள் வாசிக்கிறார்கள் என்று எண்ணலாம். அடி வாங்கும் பெண்ணுக்குத் துணை நிற்பது, சாதிக் கொடுமைக்கு எதிராக ஒரு ஊரைப் பேச வைப்பது, கொத்தடிமை முறையில் இருந்து மீண்டவர்களைச் சங்கமாகத் திரட்டுவது - இதற்கெல்லாம் மூன்று வருஷத்தில் என்ன எண் காட்டுவது? இப்படிப்பட்ட வேலை செய்பவர்கள் பக்கம் இந்தப் பணம் எளிதில் வருவதில்லை. ஆங்கிலத்தில் நன்றாகப் பேசி, ஸ்லைடு போட்டுக் காட்டத் தெரிந்த பெருநகர அமைப்புகளுக்கு வாய்ப்பு அதிகம் என்பதும் மறுக்க முடியாத உண்மை.

இன்னொரு எச்சரிக்கை, ஆந்திராவின் மைக்ரோ ஃபைனான்ஸ் கதை. எஸ்.கே.எஸ். 1997-ல் தொண்டு நிறுவனமாகத் தொடங்கி, 2005-ல் நிதி நிறுவனமாக மாறி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கே போனது. ஏழைகளின் கடனில் பங்குதாரர்கள் லாபம் பார்ப்பதா என்று கிராமீன் வங்கியின் முகமது யூனுஸே வெளிப்படையாக எதிர்த்தார். அதே வருஷம் அக்டோபரில், வசூல் நெருக்கடி, தற்கொலைகள் என மைக்ரோ ஃபைனான்ஸ் துறை மீதே எழுந்த புகார்களைத் தொடர்ந்து ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே போனது பெரும்பாலும் லாபம் எதிர்பார்த்த முதலீடு. வென்ச்சர் பிலாந்த்ரபி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் 'உதவி' எங்கே முடிகிறது, 'வியாபாரம்' எங்கே தொடங்குகிறது என்ற கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அந்த வருஷம் காட்டியது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே சட்டமே பழைய 'சம்பளத்துக்குக் கூடாது' பக்கம்தான் கொஞ்சம் சாய்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் 2020-ல் திருத்தம் வந்தது. நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை எடுக்கலாம் என்று இருந்தது 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குத் தருவதற்கும் தடை. பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதியை வாங்கி, சின்ன ஊர்களில் இருக்கும் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி இதனால் அடைபட்டது. முறைகேட்டைத் தடுக்கவே இந்தத் திருத்தம் என்பது அரசின் விளக்கம்.

உள்நாட்டில் பெரிய கதவு சி.எஸ்.ஆர். 2013 கம்பெனிச் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் - இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் வருஷக் கணக்கு என்பதால், மார்ச் மாதத்துக்குள் செலவு செய்து முடிக்கும் அவசரம்தான் பல இடங்களில் தெரிகிறது. பொறுமையாகப் பல வருஷம் கூட இருக்கும் பழக்கம் மெதுவாகத்தான் வருகிறது.

புதிய வழி, சோஷியல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச். 2019 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தது. செபி கண்காணிப்பில் தேசிய பங்குச் சந்தையிலும் மும்பை பங்குச் சந்தையிலும் தனிப் பிரிவாக இயங்குகிறது. பெங்களூருவைச் சேர்ந்த உன்னதி அறக்கட்டளை, இளைஞர்களுக்கு வேலைப் பயிற்சி கொடுக்க 2023 டிசம்பரில் இதன் மூலம் 1.8 கோடி ரூபாய் திரட்டியது. முதலில் பட்டியலான தொண்டு நிறுவனம் அதுதான்.

இதில் விற்கப்படும் பத்திரத்தின் பெயர் 'ஜீரோ கூப்பன் ஜீரோ பிரின்சிபல்'. பேரிலேயே விஷயம் இருக்கிறது: வட்டியும் பூஜ்யம், அசலும் பூஜ்யம். டீமேட் கணக்கில் பத்திரம் இருக்கும், பணம் திரும்பி வராது. ஆனால் வாங்கிய பணத்தில் என்ன நடந்தது என்று அந்த நிறுவனம் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும், அதை வெளி ஆள் தணிக்கை செய்ய வேண்டும். தொடக்கத்தில் குறைந்தபட்சம் 2 லட்சம் ரூபாய் போட வேண்டும் என்று இருந்தது. 2023-ல் அது 10,000 ஆனது. 2025-ல் செபி அதை 1,000 ரூபாயாகக் குறைத்திருக்கிறது.